புல்லார்டின் பாடங்கள்: புவி இயற்பியலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வந்தால் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்து உட்காருவார்கள். புவி இயற்பியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும். கிடைத்த மகிழ்ச்சியும் இருக்கும், இது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியாத கலக்கமும் இருக்கும். "சார், எதிலிருந்து தொடங்கட்டும்?" என்பார்கள். பாடப்புத்தகங்களின் பெயரை உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லி அனுப்புவேன். எட்வர்ட் புல்லார்ட். 1907 செப்டம்பர் 21ல் இங்கிலாந்தின் நார்விச் ஊரில், தலைமுறைகளாக பீர் வடித்து விற்ற குடும்பத்தில் பிறந்தவர். நண்பர்களுக்கு டெடி. அவர் சொன்ன விளக்கங்களில் சில பின்னால் விழுந்துவிட்டன. அப்படியிருந்தும் அவர் பெயரைச் சொல்லாமல் ஈர்ப்பு, வெப்பம், காந்தம், கண்டப் பெயர்ச்சி என்ற நான்கில் ஒன்றைக்கூட இன்று கற்றுக்கொடுக்க முடியாது. இது எப்படி என்று யோசித்து யோசித்துத்தான் கீழே உள்ளவற்றை எழுதினேன்.

1. சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள். புல்லார்ட் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்து மாணவர். ரூதர்ஃபோர்ட் தலைமை வகித்த காலம். பிளாக்கெட்டின் வழிகாட்டலில், வாயுக்களில் மோதும் எலக்ட்ரான்கள் எப்படிச் சிதறுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். உலகின் தலைசிறந்த இயற்பியல் கூடம் அதுதான் என்று அன்று யாரும் ஒப்புவார்கள். ஆனால் 1931 உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த ஆண்டு. அவருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. வேலை வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் புவியளவையியல், புவி இயற்பியல் துறை என்று புதிதாக ஒன்று இருந்தது. இந்திய நில அளவைத் துறையில் ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வுபெற்ற ஜெரால்ட் லெனாக்ஸ்-கனிங்ஹாம் என்ற அதிகாரி தொடங்கியது. இமயத்தின் அருகே தூக்குக்குண்டு ஏன் கணக்குப்படி சாயவில்லை என்ற கேள்வியை எழுப்பிய துறை நம் நாட்டு நில அளவைத் துறை. அந்த மரபுதான் ஒரு முதியவரோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிப் போனது. அங்கே செயல்விளக்க உதவியாளராகப் புல்லார்ட் சேர்ந்தார். துறை என்றால் அந்தப் பெரியவரும் இவரும்தான். அடுத்த ஆண்டே, இவர் விட்டுவந்த கேவண்டிஷில் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். இவர் ஊசலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய இடத்தை விட்டுவிட்டோமே என்று மனம் குமைபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2. கருவி காட்டும் எண்ணை எழுதுவதற்கு முன்னால், அந்தக் கருவி எந்த வழியில் பொய் சொல்லும் என்று கண்டுபிடியுங்கள். இதைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

1933, 34ல் புல்லார்ட் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்குகளுக்கு ஊசல்களை எடுத்துக்கொண்டு போனார். ஊசல் ஆடும் நேரத்தை அளந்தால் அந்த இடத்து ஈர்ப்பு விசை தெரியும். பள்ளிக்கூடத்தில் நீங்களும் நூலில் குண்டைக் கட்டிச் செய்திருப்பீர்கள். ஆனால் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் ஈர்ப்பு தெரிந்தாக வேண்டும். அதற்கு ஆடும் நேரம் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக, கடிகாரம் ஒரு நாளில் ஒரு விநாடியின் நூறில் நான்கு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ அளவு கெட்டது. 1933ல், வெயிலிலும் குலுங்கும் வண்டியிலும், அப்படிப்பட்ட கடிகாரத்துக்கு எங்கே போவது?

புல்லார்ட் இன்னும் நல்ல கடிகாரத்தைத் தேடி அலையவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு ஊசல் ஆடும்போது கேம்பிரிட்ஜில் இன்னொரு ஊசலையும் ஆடவிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே வானொலி நேரக் குறிப்பைப் பதிவு செய்தார்கள். இரண்டு ஊசலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, நேரம் காட்டுவதில் இருந்த பிழை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து கழிந்துபோனது. பிழையை ஒழிக்க முடியாதபோது அதை இரண்டு தட்டிலும் சமமாக வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த களப்பணி உத்திகளில் இதைவிட அழகானது இல்லை.

என் கதையையும் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஈர்ப்புமானியோடு ஒரு வறண்ட மாவட்டத்தில் வேலை. அந்தக் கருவிக்குள் இருக்கும் நுண்ணிய சுருள்வில் நேரம் ஆக ஆக, சூடு ஏற ஏற மெல்லத் தளரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரும்பிப் போக வேண்டாம், நேராகவே முடித்துவிடலாம் என்று முடிவெடுத்தவன் நான். இரவு லாந்தர் வெளிச்சத்தில் கணக்குப் போட்டபோது எதுவும் பொருந்தவில்லை. எந்த எண் பூமியுடையது, எந்த எண் சுருள்வில்லுடையது என்று பிரிக்க வழியில்லை. நாற்பது நிலையங்களை மறுபடி அளந்தோம். கருவி தூக்கி வந்த இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது. திரும்பிப் போய் அளப்பது நேர விரயம் என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். அன்று கேம்பிரிட்ஜில் ஆடிக்கொண்டிருந்த இரண்டாவது ஊசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் விளக்கம் நாளை விழக்கூடும் என்று தெரிந்தே அளவுகளை எழுதிவையுங்கள். ஆப்பிரிக்கப் பயணத்தின் முடிவுகளை 1936ல் வெளியிட்டபோது, பிளவுப் பள்ளத்தாக்கு எப்படி உண்டானது என்பதற்குப் புல்லார்ட் ஒரு விளக்கம் சொன்னார்: இரண்டு பக்கமிருந்தும் நெருக்கும் அழுத்தத்தில் நடுவிலுள்ள நிலத்துண்டு கீழே அமுக்கப்பட்டிருக்கிறது என்று. அது தவறு. அங்கே நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிளந்துகொண்டிருக்கிறது என்பது இன்று உறுதியாகத் தெரியும். நேர் எதிர்மாறான விளக்கம்! ஆனால் அதே கட்டுரையில், ஈர்ப்புக் கணக்கில் பூமியின் உருண்டை வடிவத்துக்காகச் செய்ய வேண்டிய திருத்தத்தையும் அவர் வகுத்திருந்தார். சுற்றிலும் சுமார் 167 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள பாறையைத் தட்டையான பலகையாக எண்ணாமல் வளைந்த ஓடாக எண்ணிச் செய்யும் திருத்தம். இன்றைக்கும் அதன் பெயர் 'புல்லார்ட் பி'. உங்கள் முதல் செய்முறை வகுப்பிலேயே இந்தப் பெயர் வரும். விளக்கம் போயிற்று, அளவும் அளக்கும் முறையும் நிலைத்தன. எண்களை மறைக்காமல், எப்படி எடுத்தோம் என்பதோடு வெளியிட்டதால்தான் அடுத்து வந்தவர்கள் அவர் விளக்கத்தைத் திருத்த முடிந்தது.

4. எல்லோருக்கும் பதில் தெரியும் என்று நினைக்கும் இடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

பூமிக்குள்ளிருந்து வெப்பம் கசிந்துகொண்டே இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆழம் கூடக் கூடச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் அளந்தால் போதாது. அந்தப் பாறை வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதையும் அளந்து இரண்டையும் சேர்க்க வேண்டும். 1939ல் தென்னாப்பிரிக்க ஆழ்துளைகளின் வெப்பநிலைகளை வைத்துப் புல்லார்ட் இப்படிச் செய்து காட்டினார். அதில் அவர் கையாண்ட வரைபட முறைக்கும் இன்று அவர் பெயர்தான்.

அடுத்தது கடல். கண்டங்களின் அடியில் கிரானைட் கனமாக இருக்கிறது. அதிலுள்ள யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் வெப்பத்தைத் தருகின்றன. கடலடியில் அந்தக் கிரானைட் இல்லை. ஆகவே கடலடியிலிருந்து வரும் வெப்பம் மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. 1949ல் புல்லார்ட் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில், கடலடிச் சேற்றில் குத்தி வெப்பநிலை எடுக்கும் ஓர் எஃகு ஈட்டியை உருவாக்கினார். அந்த நிறுவனத்து ரெவல்லும் மேக்ஸ்வெல்லும் அதைக்கொண்டு பசிபிக்கில் அளந்தார்கள். புல்லார்ட் அட்லாண்டிக்கில் அளந்தார். கடலடியிலும் ஏறத்தாழ நிலத்தில் வரும் அளவு வெப்பமே வந்தது. அப்போது யாராலும் இதை விளக்க முடியவில்லை. அதனால் என்ன? விளக்கம் இல்லாத எண்ணை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை. கடலடி புதிது புதிதாக உருவாகிப் பரந்து ஆறிக்கொண்டிருக்கிறது என்ற அறிவு வந்தபோது அந்த எண்களுக்கும் இடம் கிடைத்தது.

5. கற்றதை அவசரத்துக்குப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். 1939 கடைசியில் ஜெர்மானியக் காந்தக் கண்ணிவெடிகள் பிரிட்டிஷ் துறைமுகங்களை முடக்கத் தொடங்கின. மேலே கப்பல் வந்தால் அதன் இரும்பால் காந்தப்புலம் மாறும். அந்த மாற்றத்தில் வெடிக்கும். போர்ட்ஸ்மவுத்தில் 'எச்.எம்.எஸ். வெர்னான்' என்ற கடற்படைத் தளத்தில் இதற்கு மாற்றுத் தேடிய குழுவில் புல்லார்ட் முன்னணியில் இருந்தார். கப்பலைச் சுற்றிக் கம்பிச் சுருள் கட்டி அதன் காந்தத்தைத் தணிப்பது ஒன்று. இரண்டு கப்பல்கள் இணையாகப் போய், மிதக்கும் கம்பிகள் வழியே உப்புநீரிலேயே மின்சாரத்தைச் செலுத்திக் கண்ணிகளை எட்ட வைத்தே வெடிக்கச் செய்வது இன்னொன்று. பூமியின் காந்தத்தை அளக்கக் கற்ற கை மாலுமிகளின் உயிரைக் காத்தது.

6. கணிப்பொறி தரும் விடையை முடிந்த விடை என்று கொள்ளாதீர்கள். இதை உங்கள் தலைமுறைக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூமியின் காந்தம் எங்கிருந்து வருகிறது? கருவத்தில் உருகிக் கிடக்கும் இரும்பின் ஓட்டமே சைக்கிள் டைனமோ போல மின்சாரத்தையும் காந்தத்தையும் உண்டாக்குகிறது என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. புல்லார்டும் துணைவர்களும் பழைய காந்த வரைபடங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, காந்தப்புலத்தின் ஒழுங்கற்ற பகுதி ஆண்டுக்கு 0.18 பாகை வீதம் மேற்கே நகர்கிறது என்று 1950ல் காட்டினார்கள். அந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டு. பாறை அவ்வளவு வேகமாக நகராது, நகர்வது திரவம்தான்.

பிறகு அந்தத் துணைவர்களில் ஒருவரான கெல்மனோடு சேர்ந்து 1954ல் அந்த டைனமோவுக்கே முழுக் கணக்கு எழுதினார். அப்போது அவர் டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர். டூரிங் வகுத்த திட்டத்திலிருந்து பிறந்த 'பைலட் ஏஸ்' கணிப்பொறி இயங்கியதும் அதே வளாகத்தில்தான். கணக்கு விடை தந்தது. டைனமோ ஓடும் என்றது. ஆனால் முடிவில்லாத தொடரை அந்நாளைய இயந்திரத்தால் முடிந்த இடத்தில் வெட்டித்தான் அந்த விடை கிடைத்திருந்தது. 1969ல் கிப்சனும் ராபர்ட்ஸும் இன்னும் கூடுதலான உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது விடை ஓரிடத்தில் நிற்கவில்லை, கலைந்துபோனது. புல்லார்டும் கெல்மனும் எழுதிய சமன்பாடுகளின் கட்டமைப்பைத்தான் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். உங்கள் மாதிரியில் கட்டங்களை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பாருங்கள். விடை அசைந்தால் அதை எங்கேயும் அனுப்பாதீர்கள்.

7. நாற்காலி பெரிதாகும்போது வேலை சிறிதாகிறதா என்று பாருங்கள். 1948ல் டொராண்டோவில் பேராசிரியர். 1950ல் தேசிய ஆய்வகத்தின் இயக்குநர். 1953ல் சர் பட்டம். நம் ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். அவர் 1955ல் அதை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஆராய்ச்சித் துணை இயக்குநர் பதவி. 1960ல்தான் ரீடர், பேராசிரியர் ஆனது 1964ல், ஐம்பத்தாறு வயதில். அப்படி இறங்கி வந்த பத்தாண்டுகளில்தான், மேடிங்லி ரைஸ் என்ற பழைய வீட்டில் நடந்த அந்தச் சின்னத் துறையிலிருந்து, பூமியைப் பற்றிய மனிதரின் அறிவே மாறியது. பதவி உயர்வுக் கடிதம் வரும் நாளில் இந்த ஆண்டுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

8. 'பார்த்தாலே தெரிகிறதே' என்பது வாதமல்ல. தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதுபோல இருப்பதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். கேம்பிரிட்ஜிலேயே இருந்த ஹெரால்ட் ஜெஃப்ரிஸ், பொருத்தம் அவ்வளவு நன்றாக இல்லை என்றார். ஜெஃப்ரிஸ் சாதாரண ஆள் இல்லை. பூமியின் கருவம் திரவம் என்று 1926ல் காட்டியவர். அவர் தயாரித்த நிலநடுக்க நேர அட்டவணைகளை உலகமே பயன்படுத்தியது. அப்படிப்பட்டவர் மறுக்கும்போது கோபப்பட்டுப் பயன் இல்லை. டாஸ்மேனியாவில் கேரி என்பவர் கோளத்தின் மேலேயே வரைந்து, பொருந்துகிறது என்று காட்டியிருந்தார். புல்லார்ட் இதற்கு எண்ணால் விடை சொல்ல முடிவெடுத்தார்.

எந்தக் கோட்டைப் பொருத்துவது? கரையோரம் கடல் ஏறி இறங்கினால் மாறிவிடும். கண்டம் உண்மையில் முடிவது கடலுக்குள் இருக்கும் சரிவில். அதனால் 500 பாகம் ஆழக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாகம் ஆறடி. நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைச் சொல்லும் அதே அளவுதான். கோளத்தின் மேல் ஒரு துண்டை எப்படி நகர்த்தினாலும், அதை ஓர் அச்சைச் சுற்றி ஒரே திருப்பாகச் சொல்லிவிடலாம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவிய தேற்றம். அவரோடு வேலை செய்த எவரெட் கணிப்பொறிக்கு நிரல் எழுதினார். மிகக் குறைந்த பிழை வரும் அச்சை இயந்திரம் தேடியது. ஆலன் ஸ்மித் நிலவியலைப் பார்த்துக்கொண்டார். அட்லாண்டிக்கின் இரு கரையும் பொருந்தின. 1964ல் ராயல் சொசைட்டி கூட்டத்தில் சொல்லி, 1965ல் அச்சிட்டார்கள். அந்தப் படத்தில் மேற்பொருந்தல் ஒரு நிறத்தில், இடைவெளி இன்னொரு நிறத்தில். ஐஸ்லாந்தை எடுத்துவிட்டார்கள், அது பின்னால் எரிமலையால் உண்டானது. மத்திய அமெரிக்காவைப் பொருத்த முடியவில்லை, விட்டுவிட்டார்கள். நைஜர் டெல்டா துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. பொருந்தாததைப் படத்திலேயே வரைந்து காட்டிய கட்டுரை அது. அந்த நேர்மைக்காகவே நான் அதை மாணவர்களுக்கு முதலில் காட்டுவேன்.

ஜெஃப்ரிஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புல்லார்டின் மாணவர் டான் மெக்கென்சி அந்தக் கட்டுரையிலிருந்த ஆய்லர் தேற்றத்தைப் பிடித்துக்கொண்டார். கண்டங்களைப் பொருத்த உதவிய அதே திருப்பு, இன்று நகர்ந்துகொண்டிருக்கும் தட்டுகளுக்கும் பொருந்தும் என்று 1967ல் பார்க்கரோடு சேர்ந்து வட பசிபிக்கில் காட்டினார். தட்டு நகர்வுக் கொள்கை கணிதமாக எழுந்து நின்றது அப்படித்தான்.

9. நீங்கள் செய்யாத வேலையில் உங்கள் பெயர் வேண்டாம். இது இன்று உங்களுக்கு. நாளை நீங்கள் வழிகாட்டி ஆகும்போது இன்னும் அதிகம். 1962ல் 'எச்.எம்.எஸ். ஓவன்' கப்பலில் நம் அரபிக்கடல் பக்கம் வந்து, கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின் மேல் புல்லார்டின் துறையைச் சேர்ந்த டிரம்மண்ட் மேத்யூஸ் காந்த அளவைகள் எடுத்துப் போனார். அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அவற்றை ஆராய்ந்தார். மலைத்தொடரின் உச்சியில் எரிகுழம்பு எழுந்து ஆறும்போது அந்தக் காலத்துக் காந்தத் திசையை உறையவைத்துக்கொள்கிறது; பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாவதால் இரு பக்கமும் வரி வரியாகப் பதிகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். 1963 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. வைனுக்கு வயது இருபத்துநான்கு. கடலடி பரவுகிறது என்பதற்குக் கிடைத்த மிகப் பெரிய தடயம் அது. கட்டுரையின் தலைப்பில் இரண்டே பெயர்கள்: வைன், மேத்யூஸ். துறையை நடத்திய புல்லார்டின் பெயர் இல்லை. அதே ஆண்டில் கனடாவில் லாரன்ஸ் மோர்லி இதே எண்ணத்தை எழுதி இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த கட்டுரை எல்லாம் தவறான கட்டுரை இல்லை.

10. பழைய பதிவேடுகளைக் கையில் எடுங்கள். 1974ல் ஓய்வு பெற்று, கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் குடியேறினார் புல்லார்ட். அங்கேயும் வேலை நிற்கவில்லை. மாலின் என்பவரோடு சேர்ந்து, திசைகாட்டி முள் லண்டனில் எந்தத் திசை காட்டியது என்று 1570 முதல் 1975 வரை கிடைத்த அளவுகளை ஒன்றுசேர்த்தார். 1580ல் முள் வடக்கிலிருந்து பதினோரு பாகை கிழக்கே சாய்ந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நேர் வடக்கு. 1820 அளவில் இருபத்துநான்கு பாகை மேற்கு. பிறகு மெல்லத் திரும்பத் தொடங்கியது. எந்த ஆண்டில் யார் எங்கே நின்று எந்த முள்ளால் அளந்தார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த வேலை அது. அளந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பூமியின் கருவம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் நாளும் இடமும் சரியாக எழுதிவைத்தார்கள். நீங்களும் உங்கள் களக்குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், கருவி எண் நான்கையும் அன்றன்றே எழுதுங்கள்.

புல்லார்ட் 1980 ஏப்ரல் 3 அன்று இறந்தார். லண்டன் முள்ளைப் பற்றிய கட்டுரை அச்சில் வந்தது 1981ல்.